பொதுச் சுகாதார ஆங்கிலம்: சொற்பட்டியலா, தேர்வுப் புத்தகமா, மாவட்ட அறிக்கையா?

எம்.பி.எச். எனும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போடும் ஊட்டி, குன்னூர் மாணவர்கள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் கூடலூர் நர்ஸுகள், மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப நினைக்கும் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள் என மூன்று தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான். பொதுச் சுகாதாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் வேண்டிய சொற்களை எங்கிருந்து எடுப்பது? நான்கு மாதம், வாரம் ஆறு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறோம். கல்விச் சொற்பட்டியலைப் படிப்பது, ஐ.இ.எல்.டி.எஸ். புத்தகத்தில் உடல்நலப் பாடத்தைப் படிப்பது, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குப் பயிற்சி எடுப்பது, துறையின் அறிக்கைகளையே பாடமாக வைத்துக்கொள்வது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்காவது வழியில் தொடங்குங்கள். சொற்பட்டியலைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதப் போகிறவர்கள் கடைசி ஆறு வாரத்தில் தேர்வுப் புத்தகத்தைத் திறந்தால் போதும். இந்தத் துறையின் முக்கியமான சொற்களில் பெரும்பாலானவை அளவைச் சொற்கள். தொகுதி (பின்னத்தின் மேல் எண்) எது, பகுதி (கீழ் எண்) எது என்று தெரியாமல் அவற்றின் பொருளை மட்டும் நெட்டுரு போட்டால் எழுதும்போது கட்டாயம் காலை வாரும்.

சொற்பட்டியல்: பாதி வேலை செய்யும்

ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. பத்து துணைப்பட்டியல்கள், முதல் ஒன்பதில் அறுபது அறுபதாக, பத்தாவதில் முப்பது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலிருந்து தொகுத்தது. கல்வி எழுத்தில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இதற்குள் அடங்கிவிடும். இலவசமாகக் கிடைக்கிறது, நாளுக்கு ஐந்து என்று பிரித்துக்கொள்ளலாம், முடித்தோம் என்ற திருப்தியும் உண்டு. அதனால்தான் பயிற்சி மையங்களுக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

சிக்கல் உள்ளே போனால்தான் தெரியும். 'இன்சிடென்ஸ்' (புதிதாக நோய் வந்தவர் கணக்கு) ஆறாவது துணைப்பட்டியலில் இருக்கிறது. அதன் இரட்டையான 'பிரிவலன்ஸ்' (நோய் இருப்பவர் கணக்கு) எங்கும் இல்லை. 'மார்ட்டாலிட்டி' இல்லை, 'வேக்சின்' இல்லை. முதல் அறுபதில் 'எக்ஸ்போர்ட்', 'லெஜிஸ்லேட்' இரண்டும் இருக்கின்றன; நோய்ப் பரவல் கட்டுரை படிப்பவருக்கு இவை அவசரமில்லை. அதே அறுபதில் உள்ள 'கான்ட்ராக்ட்' என்ற சொல்லுக்குப் பட்டியல் புத்தகங்கள் ஒப்பந்தம் என்று பொருள் தரும். நம் துறையில் அது நோய் தொற்றிக்கொள்வதைக் குறிக்கும் வினை. 'சிக்னிஃபிகன்ட்' என்பதற்கு 'முக்கியமான' என்று எழுதிப் படித்தவர், புள்ளியியல் பொருளில் அது வரும் இடமெல்லாம் வழுக்கி விழுவார். தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான் அங்கே பொருள். மிகச் சிறிய, நடைமுறையில் ஒன்றுக்கும் உதவாத வேறுபாடுகூடப் புள்ளியியல்படி 'சிக்னிஃபிகன்ட்' ஆகலாம்.

மருத்துவக் கட்டுரைகளிலிருந்தே தொகுத்த 623 சொற்குடும்பப் பட்டியல் ஒன்று 2008-இல் வந்தது. பட்டியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அதை எடுக்கலாம். ஆனால் எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதை அதுவும் சொல்லித் தராது. 'எக்ஸ்போஷர்' என்றால் 'டு', 'அசோசியேட்டட்' என்றால் 'வித்', 'வேக்சினேட்டட்' என்றால் 'அகெய்ன்ஸ்ட்'. நம் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பட்டியலின் சரியான பயன் வேறு. முதல் நான்கு துணைப்பட்டியல்களை, அதாவது 240 குடும்பங்களை, ஒரே நாள் உட்கார்ந்து டிக் அடியுங்கள். தெரியாதவை நாற்பதுக்குக் குறைவாக இருந்தால் பட்டியலை மூடிவைத்துவிடலாம். நூறைத் தாண்டினால் முதல் மூன்று வாரத்தை அதற்கே கொடுங்கள்; அறிக்கை படிக்கும்போது வரிக்கு வரி தடுக்காது.

ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி.: எதற்கு, எவ்வளவு

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். முதல் பகுதியில் வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்துக் குறைந்தது 150 சொல், இரண்டாவதில் கருத்துக் கட்டுரை குறைந்தது 250 சொல். சொல்வளத்துக்கு மதிப்பீட்டில் கால் பங்கு. தேர்வுப் புத்தகங்களின் உடல்நலப் பாடம் இரண்டாம் பகுதியைக் குறிவைத்தே எழுதப்படுகிறது. உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கைமுறை, துரித உணவு, உடற்பருமன், தடுப்புக்குச் செலவிடலாமா சிகிச்சைக்கா என்கிற வகை. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்களின் உடல்நலத்தைப் பற்றி எழுத இதில் ஒரு சொல்லும் கிடைக்காது. முதல் பகுதிக்கு வேண்டிய ஏற்ற இறக்கச் சொற்கள் மட்டும் துறைக்கும் உதவும். அவை மாவட்ட அறிக்கையைப் படித்தாலே வந்துவிடும்.

ஓ.இ.டி. வேறு ரகம். நர்ஸுக்கான எழுத்துப் பகுதி 45 நிமிடம், அதில் முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும். நோயாளிக் குறிப்பைப் பார்த்து 180 முதல் 200 சொல்லில் கடிதம் எழுத வேண்டும். முழுக்க ஒரே ஒரு நோயாளியின் கதை. மக்கள் தொகை, விகிதம், ஆபத்துக் காரணி எதற்கும் இடமில்லை. வார்டு வேலைக்குப் போகிறவர் இதைத்தான் படிக்க வேண்டும், அதில் மறுபேச்சில்லை. எம்.பி.எச். கனவோடு இதில் பணம் கட்டுவது வீண்.

மாவட்ட அறிக்கை: ஏன் இது முந்துகிறது

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) நீலகிரி மாவட்டத் தகவல் தாள் சில பக்கம்தான், நூற்றுக்கும் மேற்பட்ட குறியீடுகள், எல்லாம் ஆங்கிலத்தில். இதை வாரம் ஒரு பகுதியாகப் பிரித்துப் படித்தால், துறையின் அடிப்படைச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடும் ஓர் அடிக்குறிப்போடும் வந்து சேரும்.

ரத்தசோகைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ். இந்த எல்லைக்குப் பெயர் 'கட்-ஆஃப்'. கீழே அடிக்குறிப்பில், குழந்தைகளுக்கு உயரத்துக்கு ஏற்பவும் பெரியவர்களுக்கு உயரத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் ஏற்பவும் எண் 'அட்ஜஸ்ட்டட்' என்று இருக்கும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உடல் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. எனவே ஊட்டியில் 12 என்று காட்டும் பெண்ணுக்குச் சமவெளிக் கணக்கில் ரத்தசோகை இல்லை. உயரத்துக்குத் திருத்தினால் உண்டு. 'அட்ஜஸ்ட்டட்' என்ற சொல்லை ஒருமுறை இப்படிப் பார்த்தவருக்கு, பின்னால் ஆய்வுக் கட்டுரையில் வயதுக்கும் வருமானத்துக்கும் திருத்திய விகிதம் என்று வரும்போது அகராதி தேவைப்படாது.

அதே தாளில் குழந்தை வளர்ச்சிக்கு மூன்று சொற்கள் அடுத்தடுத்து வரும். 'ஸ்டன்ட்டட்' என்றால் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை, 'வேஸ்ட்டட்' என்றால் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லை, 'அண்டர்வெயிட்' என்றால் வயதுக்கு ஏற்ற எடை இல்லை. மூன்றுக்கும் அளவுகோல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நடுமதிப்பிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குக் கீழ். முதலாவது நெடுநாள் குறைபாட்டையும் இரண்டாவது அண்மைக் குறைபாட்டையும் காட்டும். தமிழில் மூன்றையும் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே 'மால்நியூட்ரிஷன்' என்று எழுதினால் எதை அளந்தீர்கள் என்பதே தெரியாது. (ஐதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் குன்னூரில்தான். 1918-இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓரறையில் பெரிபெரி ஆய்வாகத் தொடங்கி, 1958-இல்தான் ஐதராபாத் போனது.)

சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை வைத்து எடுத்த மதிப்பீடு. நட்சத்திரம் என்றால் 25-க்கும் குறைவு, எனவே வெளியிடவில்லை. மாணவர் கட்டுரைகளில் அடைப்புக்குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எழுதுவது சகஜம். 'எஸ்டிமேட்', 'சாம்பிள் சைஸ்', 'இன்டர்ப்ரெட் வித் காஷன்' ஆகியவை பிறப்பது இந்த இடத்தில்தான். இங்கேயே அவற்றைப் பயன்படுத்திப் பழகிவிடுங்கள்.

நான்காம் ஆய்வையும் ஐந்தாம் ஆய்வையும் ஒப்பிட அடுத்தடுத்த நெடுவரிசைகளும் உண்டு. ஒரு குறியீடு 20 விழுக்காட்டிலிருந்து 30-க்கு ஏறினால் அது பத்து 'பர்சென்டேஜ் பாயின்ட்' ஏற்றம். பத்து 'பர்சென்ட்' ஏற்றம் என்று எழுதினால் தவறு; விழுக்காட்டில் சொன்னால் அது 50. ஐ.இ.எல்.டி.எஸ். முதல் பகுதியிலும் இந்தப் பிழை அடிக்கடி தலைகாட்டும்.

'ரேட்', 'ரேஷியோ', 'ப்ரோபோர்ஷன்' மூன்றையும் கலக்காமல் இருக்கவும் எண்தான் உதவும். சிசு இறப்பு ஆயிரம் உயிருள்ள பிறப்புக்கு, அது 'ரேட்'. பேறுகால இறப்பு ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு, அது 'ரேஷியோ'. நீலகிரியில் 2011 கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்கு 1042 பெண்கள், அதுவும் 'ரேஷியோ'. மொத்தத்தில் ஒரு பங்கு என்றால் 'ப்ரோபோர்ஷன்'. பன்னாட்டு இதழுக்கு எழுதும்போது லட்சத்தை ஒரு லட்சம் என்று விடாமல் நூறாயிரம் என்று மாற்றிவிடுங்கள்.

அரிவாள் உயிரணு நோயை வைத்து ஒரு பாடம்

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் அரிவாள் உயிரணு நோய் இருப்பதால், உள்ளூர் ஆய்வுகள் பலவும் அதைச் சுற்றியே இருக்கும். சொற்களைச் சோதிக்க இதைவிட நல்ல களம் இல்லை.

ஒரு குடியிருப்பில் 400 பேர், அவர்களில் 20 பேர் கடத்திகள் (நோயின் மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள், நோயாளிகள் அல்ல) என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விழுக்காடு, இது 'பிரிவலன்ஸ்', இந்த நாளில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு. நாய்க்கடியோ ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலோ என்றால் ஓராண்டில் புதிதாக எத்தனை என்று எண்ணுவோம், அது 'இன்சிடென்ஸ்'. பிறவியிலேயே வரும் நோய்க்குப் புதிதாக வருவது என்ற பேச்சு சரிப்படாது என்பதால், 'பர்த் பிரிவலன்ஸ்' என்றே எழுதுவார்கள். ரேபிஸ் இதற்கு நேர் எதிர். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எல்லாரும் இறந்துவிடுவதால் 'பிரிவலன்ஸ்' கணக்கிடுவதில் பொருளே இல்லை.

இன்னொரு வழுக்குப்பாறை உண்டு. சிகிச்சை நன்றாக நடந்து நோயுள்ள குழந்தைகள் பெரியவர்களாக வளர்ந்தால் 'பிரிவலன்ஸ்' ஏறும். அது கெட்ட செய்தி அல்ல. சர்க்கரை நோயிலும் இதே கதை. 'நிலைமை மோசமானது' என்று எழுதும் முன் ஏறியது எது என்று பார்க்க வேண்டும்.

சொல்யுபிலிட்டி பரிசோதனை 'ஸ்கிரீனிங்', எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபொரிசிஸ்தான் உறுதிப்படுத்தும் சோதனை. முதலாவதால் கடத்தியையும் நோயாளியையும் பிரிக்க முடியாது. ஆகவே முகாமில் பாசிட்டிவ் வந்த எல்லாரையும் 'பேஷன்ட்ஸ்' என்று எழுதும் சுருக்கங்கள் திரும்பி வருகின்றன. ஸ்கிரீனில் பாசிட்டிவ், உறுதியானவர், கடத்தி, நோயுள்ளவர் ஆகிய நான்கையும் நான்கு சொல்லாலேயே குறிக்க வேண்டும்.

அரிவாள் உயிரணு நோய்க்கு எதிராக 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கத்தின் பெயரில் 'எலிமினேஷன்' இருக்கிறது. இலக்கு 2047-க்குள் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்குவது. 'எராடிகேஷன்' என்றால் உலகம் முழுக்க அறவே இல்லை என்று பொருள். 1980-இல் பெரியம்மைக்கு அறிவித்தார்களே, அது. தொழுநோயை இந்தியா 2005-இல் 'எலிமினேட்' செய்ததாக அறிவித்தபோது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அளவுகோல். புதிய நோயாளிகள் அதற்குப் பின்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தடுப்பூசிக்கும் இப்படி மூன்று படி உண்டு. குப்பிக்குள் இருக்கும் வீரியம் 'பொட்டன்சி'. ரேபிஸ் ஊசியில் தசை வழிப் போடும் ஒரு டோஸுக்குக் குறைந்தது 2.5 பன்னாட்டு அலகு. கட்டுப்படுத்திய ஆய்வில் காட்டும் பலன் 'எஃபிகசி'. குளிர்ப்பெட்டியில் மலைப்பாதை ஏறி இறங்கி, தோலுக்குள் போடும் முறையின் 0, 3, 7, 28-ஆம் நாள் என்ற அட்டவணையில் மூன்றாவதோடு பலர் நின்றுவிடும் நிஜ உலகில் கிடைப்பது 'எஃபெக்டிவ்னெஸ்'.

எந்த அறிக்கையின் நடையைப் பின்பற்றுவது

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வாராந்தர நோய்த்திரள் பட்டியலில் மாவட்டம், நோய், எத்தனை பேர், எத்தனை இறப்பு, தொடங்கிய நாள், எடுத்த நடவடிக்கை என்று கட்டங்கள் இருக்கும். நம் ஊர் நிலவரத்தைச் சொல்வதால் பொருள் எளிதில் விளங்கும். 'அவுட்பிரேக்', 'க்ளஸ்டர்', 'லைன் லிஸ்ட்' எல்லாம் பழகும். கல்யாண வீட்டில் 250 பேர் சாப்பிட்டு 50 பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் 'அட்டாக் ரேட்' 20 விழுக்காடு என்று நீங்களே கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நடையைப் பின்பற்றாதீர்கள். எழுவாய் இல்லாத தந்தி வாக்கியம் அது.

நடைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழான எம்.எம்.டபிள்யூ.ஆர். நல்லது. இலவசம். ஒவ்வொரு முழு அறிக்கையிலும் ஒரு பெட்டி இருக்கும்: ஏற்கெனவே தெரிந்தது என்ன, இந்த அறிக்கை சேர்த்தது என்ன, நடைமுறைக்கு இதன் பொருள் என்ன. மூன்று கேள்விக்கும் சேர்த்துச் சில வரிதான். வாரம் இரண்டு பெட்டியைக் கையால் எழுதிப் பார்த்தால் 'சஜெஸ்ட்', 'இண்டிகேட்', 'அசோசியேட்டட் வித்', 'மைட்' ஆகியவற்றின் எடை கைக்கு வந்துவிடும். 'ப்ரூவ்' அங்கே கண்ணில் படுவதே அரிது. தொடர்பை மட்டும் காட்டிய ஆய்வுக்குக் 'காஸ்' என்று எழுதக் கூடாது என்பதும் தானாகப் புரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் தகவல் பக்கங்கள் இதைவிட எளிது; சொல் தெரியாமல் திணறுபவர் முதல் மாதம் அவற்றில் நடை பழகிவிட்டு இங்கே வரலாம்.

மருத்துவமனை ஆங்கிலத்திலிருந்து சில சொற்களைக் கழற்றிவிடவும் வேண்டும். இறந்தவரை 'எக்ஸ்பயர்டு' என்பது கேஸ் ஷீட்டோடு நிற்கட்டும். கட்டுரையில் 'டைட்' போதும். 'சென்ட் பர்சென்ட்' வேண்டாம். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிசர்ச்சஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' மூன்றும் பிழை. 'டி.பி. சஸ்பெக்ட்' என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2013-இலேயே கைவிட்டுப் 'ப்ரிசம்ப்டிவ்' என்று மாற்றிவிட்டது. சிகிச்சையை நிறுத்தியவரை 'டிஃபால்ட்டர்' என்பதும் இப்போது இல்லை; 'லாஸ்ட் டு ஃபாலோ-அப்'. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பற்றி எழுதும்போது 'ட்ரைபல்ஸ்' என்று மொத்தமாகச் சொல்லாமல் எந்தச் சமூகம் என்று பெயரிடுங்கள்.

கார்டு போடுவது

நாளுக்கு ஐந்து சொல், பன்னிரண்டு வாரம், 360 ஆகும். அறுபதை இடையில் கழித்துவிட்டால் 300 தேறும். கடைசி நான்கு வாரம் புதுச்சொல் வேண்டாம், திருப்புதல் மட்டும். கார்டின் முன்பக்கம் அறிக்கையிலிருந்து எடுத்த வாக்கியம், சொல் இருக்கும் இடம் காலி. பின்பக்கம் சொல், அதோடு வரும் முன்னிடைச்சொல், எண் சொல் என்றால் அதன் பகுதி என்ன. தமிழ்ப் பொருளைத் தனிச்சொல்லாக எழுதாதீர்கள். செய்தித்தாள் தமிழில் 'பாதிப்பு' ஒன்றே தொற்று, புதிய நோயாளி, விளைவு, சேதம் எல்லாவற்றுக்கும் வரும். அதை வைத்து ஆங்கிலச் சொல்லைத் தேடினால் நான்கில் மூன்று தடவை தப்பும். இரட்டைச் சொற்களை ஒரே நாளில் போடாமல் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். 'ஐசொலேஷன்', 'குவாரன்டீன்' இரண்டையும் ஒன்றாகப் படித்தால் எது நோயாளிக்கு, எது நோயாளியோடு பழகியவருக்கு என்று கடைசிவரை குழம்பும்.

நோட்டா, செயலியா என்ற கேள்விக்குப் பெரிய விவாதம் தேவையில்லை. அன்கிட்ராய்டு என்ற கார்டுச் செயலி ஆண்ட்ராய்டில் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். ஐபோனில் அன்கிக்குக் காசு. நோட்டில் எழுதுபவர் 1, 3, 7, 21-ஆம் நாள் என்று தேதி போட்டுத் திருப்பிப் பார்த்தால் அதே வேலை நடக்கும்.

கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு

மாவட்டத் தாள் வழி பழனி மலையில் அவ்வளவாக எடுபடாது. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு பகுதி. மாவட்டச் சராசரி பெரும்பாலும் சமவெளியின் சராசரிதான். சொற்களைப் படிக்க அந்தத் தாளே போதும், ஆனால் அந்த எண்ணை எடுத்து மலைக் கிராமத்தைப் பற்றி எழுதிவிடக் கூடாது. ரத்தசோகை எண்ணை அப்படியே பண்ணைக்காட்டுக்கோ பூம்பாறைக்கோ பொருத்தினால் நேர்காணலில் முதல் கேள்வியே அங்கே விழும். இப்படித் தொகுத்த எண் உள்வேறுபாட்டை மறைப்பதைச் சொல்ல 'அக்ரிகேட்', 'டிஸ்அக்ரிகேட்டட்', 'ஹெட்டரோஜெனிட்டி' என்ற மூன்று சொல் வேண்டும். அவற்றை முதல் மாதத்திலேயே கார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு நீலகிரித் தாளைப் பக்கத்தில் வைத்து இரண்டு மாவட்டத்தையும் ஒப்பிட்டு 150 சொல்லில் வாரம் ஒரு பத்தி எழுதலாம், ஐ.இ.எல்.டி.எஸ். முதல் பகுதிக்கும் அது பயிற்சியாகிவிடும்.

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பந்தலூர்ப் பக்கம் நெட்வொர்க்கை நம்ப முடியாது. இரண்டு மாவட்டத் தாள், பத்து தகவல் பக்கம், இருபது எம்.எம்.டபிள்யூ.ஆர். அறிக்கை ஆகியவற்றை மே மாதத்துக்குள் இறக்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.